குழாய்க்குள் ஒரு கூப்பாடு

உங்கள் அம்மாவையோ அப்பாவையோ இடது கைச் சட்டையைத் தோள் வரை சுருட்டச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மதுரையிலோ பிறந்தவர்கள் என்றால், தோளுக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் தழும்பு பெரும்பாலும் இருக்கும். கனடாவின் ஒஷாவாவில் பிறந்த உங்கள் கையில் அது இருக்காது.

பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி விட்டுப்போன அடையாளம் அது. பிரான்சில் கால்மெத், கெரேன் என்ற இருவர், மாடுகளுக்குக் காசநோய் தரும் பற்றீரியாவை 1908 முதல் 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து அதன் கொடுமையைக் குறைத்தார்கள். 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சென்னைக் கிண்டியில் 1948இலேயே இந்தத் தடுப்பூசியைத் தயாரிக்க ஓர் ஆய்வுகூடம் வந்துவிட்டது. இலங்கையிலும் இந்தியாவிலும் பிள்ளை பிறந்த கையோடு போட்டுவிடுவார்கள். கனடாவில் காசநோய் குறைவு என்பதால் இங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் அதைப் போடுவதில்லை.

இந்த ஊசியால் பின்னாளில் ஒரு குழப்பம் வரலாம். உங்கள் அக்கா ஒருத்தி ஊரிலிருந்து வந்து, இங்கே தாதியர் படிப்பில் சேரப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகளோடு பழகப் போகிறவர்களிடம் காசநோய்ச் சோதனை கேட்பார்கள். முன்கையின் தோலுக்குள் ஒரு துளி மருந்தை ஏற்றுவார்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பிப் போனால், அந்த இடம் எத்தனை மில்லிமீற்றர் தடித்திருக்கிறது என்று அளப்பார்கள். சார்ல்ஸ் மான்ரூ என்ற பிரெஞ்சு வைத்தியர் 1908இல் கொண்டுவந்த முறை இது.

அந்தத் துளியில் காசநோய்ப் பற்றீரியாவின் புரதங்கள் பலவும் கலந்திருக்கின்றன. அவற்றில் பல பி.சி.ஜி. பற்றீரியாவிலும் உண்டு. அதனால் காசநோய்க் கிருமி பக்கத்தில்கூட வராத ஒருவருக்கும், சின்ன வயதில் போட்ட ஊசியை உடம்பு நினைவில் வைத்திருந்தால், கை தடிக்கலாம். தோல் தடித்தது கிருமியாலா, தடுப்பூசியாலா? அளவுகோலுக்குத் தெரியாது.

இதைத் தீர்க்க ஓர் இரத்தச் சோதனை இருக்கிறது. அது இரத்தத்தில் கிருமியைத் தேடுவதில்லை. அக்காவின் வெண்குருதிக் கலங்களிடம் கிருமியின் ஒரு துண்டைக் காட்டிவிட்டு, அவை கத்துகின்றனவா என்று காத்திருக்கிறது.

கலங்கள், அதாவது செல்கள், எப்படிக் கத்தும்? அவற்றுக்கு வாய் இல்லை, புரதம் இருக்கிறது. ஒரு கலம் ஒரு சிறு புரதத்தை வெளியே விடும். அது மிதந்து போய் இன்னொரு கலத்தின் மேற்பரப்பில் ஒட்டும். ஒட்டியதும் அந்தக் கலம் தன் வேலையை மாற்றிக்கொள்ளும். இப்படிச் செய்தி கொண்டுபோகும் புரதங்களுக்குச் சைட்டோகைன்கள் என்று பெயர். காய்ச்சல் வரும்போது உடம்பு சுடுவதும், சோர்ந்துபோய்ப் போர்வைக்குள் சுருண்டுகொள்வதும் பெரும்பாலும் இவற்றின் வேலைதான்.

காசநோய்க் கதையில் நமக்கு வேண்டிய சைட்டோகைன் இன்டர்பெரோன் காமா. காசநோய்க் கிருமி ஒரு கள்ளன். கிருமிகளை விழுங்கும் பெரிய கலங்கள் அதையும் விழுங்கும். ஆனால் அது சாகாமல் அவற்றுக்குள்ளேயே குடியிருந்துவிடும். ‘ரி’ கலங்கள் என்று இன்னொரு வகை உண்டு. அவை இன்டர்பெரோன் காமாவை விட்டால், விழுங்கும் கலங்கள் உசாராகி, உள்ளே இருப்பதைக் கொல்லத் தொடங்கும். முன்பு ஒருதரம் சந்தித்த கிருமியைச் சில ரி கலங்கள் ஆண்டுக்கணக்கில் மறப்பதில்லை. தங்கள் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகளால் அதன் துண்டை அடையாளம் கண்டுவிடும். மனித ரி கலத்தின் அந்த ஏற்பிக்கான மரபணுவை 1984இல் பிடித்தவர் டாக் மாக். அவர் வேலை செய்த இடம் ரொறன்ரோ. ஒஷாவாவில் கோ ரயில் ஏறினால் நேரே போய் இறங்கலாம்!

இப்போது சோதனைக்கு வருவோம். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் அக்காவிடம் நான்கு சின்னக் குழாய்களில் இரத்தம் எடுப்பார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிலீற்றர். மூடிகள் சாம்பல், பச்சை, மஞ்சள், ஊதா. பச்சையிலும் மஞ்சளிலும், காசநோய்க் கிருமியிடம் உள்ள, ஆனால் பி.சி.ஜி. பற்றீரியாவிடம் இல்லாத இரண்டு புரதங்களின் துண்டுகள் குழாயின் உட்சுவரில் பூசப்பட்டிருக்கும். பி.சி.ஜி. பற்றீரியா பலம் குறைந்தபோது தொலைத்த மரபணுக்களில் அந்தப் புரதங்களுக்கான குறிப்பும் போய்விட்டது. தோளில் தழும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தச் சோதனைக்கு ஒன்றுதான்.

சாம்பல் மூடிக் குழாயில் எதுவும் பூசுவதில்லை. அக்காவுக்குத் தடிமன் பிடித்திருந்தால் அவளுடைய கலங்கள் ஏற்கெனவே கத்திக்கொண்டிருக்கலாம் அல்லவா? அந்தச் சத்தத்தைக் கழிக்க அது. ஊதா மூடிக் குழாய்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் இருப்பது சிவப்புக் கிட்னி பீன்ஸ் என்ற ராஜ்மாவின் ஒரு புரதம். அது எதிர்ப்படும் ரி கலங்களை எல்லாம் உசுப்பிவிடும். ஊதாக் குழாயிலும் சத்தம் வராவிட்டால், அக்காவின் கலங்கள் பலவீனமாக இருக்கின்றன, அல்லது இரத்தத்தைச் சரியாகப் பேணவில்லை என்று அர்த்தம். மற்றக் குழாய்களின் அமைதியை அப்போது நம்பக்கூடாது. இன்னொரு வேடிக்கை: 1965இல் வீலொக் என்ற ஆய்வாளர் இன்டர்பெரோன் காமாவை முதலில் கண்டதே வெண்குருதிக் கலங்களில் இதே பீன்ஸ் புரதத்தைப் போட்டபோதுதான். (ராஜ்மாவை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்வதும் இந்தப் புரதத்துக்குப் பயந்துதான். அரைவேக்காட்டில் தின்றால் வாந்தி வரலாம்.)

இரத்தம் எடுத்த பிறகு அவசரம் தொடங்குகிறது. கலங்கள் உயிரோடு இருந்தால்தானே கத்தும்? குழாய்களைக் குளிர்ப்பெட்டியில் வைக்கக்கூடாது. 16 மணி நேரத்துக்குள் 37 பாகை வெப்பமுள்ள அடைகாப்பானுக்குள் அவை போய்ச் சேர வேண்டும். சனவரி மாதப் பனியில் 401 நெடுஞ்சாலை அடைபட்டுக் கிடக்கும் நாளில் ஒஷாவாவிலிருந்து இரத்தக் குழாய் கொண்டுபோகும் சாரதியை நினைத்துப் பாருங்கள். அடைகாப்பானுக்குள் 16 முதல் 24 மணி நேரம். உடம்புக்குள் இருப்பதாகவே கலங்கள் எண்ணிக்கொள்கின்றன. கிருமித் துண்டை அடையாளம் தெரிந்தவை கூப்பாடு போடுகின்றன. பிறகு குழாயைச் சுழற்றிக் கலங்களைக் கீழே இறக்கி, மேலே தெளிந்து நிற்கும் பிளாஸ்மாவை எடுப்பார்கள். கத்திய கலங்கள் அடியில். கத்திய சத்தம் பிளாஸ்மாவில்.

ஆனால் அந்தச் சத்தம் எவ்வளவு மெல்லியது தெரியுமா? சைட்டோகைன்களைப் பிகோகிராமில் அளப்பார்கள். ஒரு கிராமை இலட்சம் கோடித் துண்டாக்கினால் ஒரு துண்டு ஒரு பிகோகிராம். ஸ்காபரோவில் பான் ஆம் விளையாட்டு மையத்துக்கு நீந்தப் போயிருப்பீர்கள். 50 மீற்றர் நீளம், 25 மீற்றர் அகலம், 2 மீற்றர் ஆழமான ஒரு குளத்தில் 25 இலட்சம் லீற்றர் தண்ணீர் பிடிக்கும். அதில் கால் கிராம் சீனியைக் கரைத்தால், ஒரு மில்லிலீற்றருக்கு 100 பிகோகிராம் வரும். சந்தேகம் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சைட்டோகைன்கள் கிடைப்பதும் ஏறத்தாழ இந்த அளவில்தான். அதுவும் தண்ணீரில் தனியாக இல்லை. பிளாஸ்மாவில் ஆயிரக்கணக்கான வேறு புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

இத்தனை கூட்டத்தில் ஒன்றை மட்டும் பிடிக்கத் தெரிந்த பொருளை உடம்பே செய்து வைத்திருக்கிறது: பிறபொருளெதிரி. வகுப்பில் ஆன்டிபாடி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆங்கில ‘வை’ எழுத்து வடிவில் இருக்கும் புரதம் அது. இரண்டு கை நுனிகளும் ஒரே ஒரு வடிவத்தைத்தான் பிடிக்கும், மற்றதை விட்டுவிடும். கிருமிகளைப் பிடிக்க உடம்பு செய்யும் இந்தப் பிடியை, உடம்பையே அளக்கும் கருவியாக மாற்றலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அதன் ஒரு வேர் ரொறன்ரோவில் இருக்கிறது.

1921 கோடையில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பிரெட்ரிக் பான்டிங்கும் சார்ல்ஸ் பெஸ்டும் நாய்களின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தார்கள். 1922 சனவரி 11ஆம் திகதி, ரொறன்ரோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. அது சரிவரவில்லை. கொலிப் என்ற வேதியியலாளர் மருந்தை இன்னும் சுத்தம் செய்து கொடுத்தார். 23ஆம் திகதி போட்ட ஊசி வேலை செய்தது. அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு உலகம் முழுவதும் நீரிழிவுக்காரர்களுக்குக் கிடைத்தது மாட்டு இன்சுலினும் பன்றி இன்சுலினும்தான்.

மாட்டுப் புரதத்தைத் தினமும் ஏற்றினால் மனித உடம்பு சும்மா இருக்குமா? 1950களில் நியூயோர்க்கில், பிரொங்ஸ் படைவீரர் மருத்துவமனையில், ரோசலின் யாலோ என்ற இயற்பியலாளரும் சொலமன் பெர்சன் என்ற வைத்தியரும் இன்சுலினில் கதிர்வீசும் அயடினை ஒட்டி நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். கதிரை அளந்தால் இன்சுலின் எங்கே, எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர்களின் இரத்தத்தில் அது நெடுநேரம் தங்கியது. ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருந்தது. பிறபொருளெதிரிகள்தான் என்றார்கள் இருவரும். இன்சுலின் அவ்வளவு சின்னது, அதற்கெல்லாம் பிறபொருளெதிரி உண்டாகாது என்றார்கள் பெரியவர்கள். கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள். தலைப்பில் அந்தச் சொல்லை எடுத்த பிறகுதான் 1956இல் அச்சேறியது. யாலோ அந்த மறுப்புக் கடிதத்தைக் கிழித்துப் போடவில்லை. 1977இல் நோபல் பரிசு வாங்கிய உரையில் அதை உலகத்துக்கே காட்டினார்! எனக்கு அவரை இதற்காகவே பிடிக்கும். பெர்சன் 1972இலேயே இறந்துவிட்டதால் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.

இன்சுலினைப் பிடிக்கும் பொருள் கையில் இருக்கிறது என்றால், அதை வைத்தே இரத்தத்தில் உள்ள இன்சுலினை அளக்கலாமே? அதைத்தான் அவர்கள் அடுத்துச் செய்தார்கள். அப்போது கதிர்வீசும் குறியை ஒட்டியது இன்சுலினில். 1968இல் கேம்பிரிட்ஜ் நகரத்தில் மைல்ஸ், ஹேல்ஸ் என்ற இருவர் அதைத் தலைகீழாக்கினார்கள்: குறியைப் பிறபொருளெதிரியிலேயே ஒட்டுவோம். பிடிக்கிறவனே விளக்கையும் தூக்கிக்கொண்டு போகட்டும். ஆல்பர்ட் கூன்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர் 1941இலேயே ஒளிரும் சாயத்தைப் பிறபொருளெதிரியில் ஒட்டி நுணுக்குக்காட்டியில் கிருமிகளைப் பார்த்திருந்தார். ஆனால் பார்ப்பது வேறு, அளப்பது வேறு.

கதிர்வீசும் பொருளோடு தினமும் வேலை செய்வது தொல்லை. 1971இல் ஸ்டொக்ஹோம் நகரத்தில் ஏவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மானும், அதே காலத்தில் நெதர்லாந்தில் வான் வேமனும் ஸ்குர்ஸும், கதிரை விட்டு நொதியத்தைப் பிடித்தார்கள். ஒரு நொதிய மூலக்கூறு ஆயிரக்கணக்கான சாய மூலக்கூறுகளை நிறம் மாற்றும். பிடிபட்டது ஒன்று என்றாலும் தெரிவது ஆயிரமாகத் தெரியும். எலைசா என்று உலகம் முழுவதும் சொல்லும் சோதனை இப்படித்தான் பிறந்தது.

ஒரு குறை மட்டும் மிச்சம். மிருகத்தின் இரத்தத்தில் கிடைக்கும் பிறபொருளெதிரிகள் பல ரகமும் கலந்தவை. இன்றைக்கு எடுத்ததும் நாளைக்கு எடுத்ததும் ஒன்றாக இருக்காது. 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், எலியின் பிறபொருளெதிரி செய்யும் கலத்தையும் சாகாமல் பெருகும் ஒரு புற்றுநோய்க் கலத்தையும் ஒன்றாக இணைத்தார்கள். இணைந்த கலம் ஒரே ரகப் பிறபொருளெதிரியைக் காலமெல்லாம் கொட்டிக்கொண்டே இருந்தது. மனிதனின் சைட்டோகைன் எலிக்கு அந்நியம். அதனால் எலியின் உடம்பு அதற்கு அருமையான பிறபொருளெதிரி செய்து தரும்.

இனி, அக்காவின் பிளாஸ்மா. 8 நிரை, 12 நிரல், மொத்தம் 96 குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் இன்டர்பெரோன் காமாவைப் பிடிக்கும் பிறபொருளெதிரி ஒட்டவைக்கப்பட்டிருக்கும். பிளாஸ்மாவை விட்டால் இன்டர்பெரோன் காமா அதில் மாட்டிக்கொள்ளும். அடுத்து, அதே புரதத்தின் வேறொரு பக்கத்தைப் பிடிக்கும் இரண்டாவது பிறபொருளெதிரி. இதன் முதுகில்தான் நொதியம் ஒட்டியிருக்கிறது. பெரும்பாலும் அது ஹோர்ஸ்ரடிஷ் என்ற காரமான கிழங்கின் நொதியம். கடையில் போத்தலில் அரைத்து விற்பார்களே, அதே கிழங்கு. அடியில் ஒன்று, மேலே ஒன்று, நடுவில் நம் புரதம் என்பதால் ஆய்வுகூடத்தில் இதைச் ‘சான்ட்விச்’ என்பார்கள். சில சோதனைகளில் பிளாஸ்மாவையும் குறி ஒட்டிய பிறபொருளெதிரியையும் ஒன்றாகவே விட்டு இரண்டு மணி நேரம் வைப்பார்கள்.

அடுத்தது கழுவுதல். வீட்டில் பாத்திரம் கழுவச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். சான்ட்விச்சில் மாட்டாத நொதியம் ஒரு துளி மிஞ்சினாலும் அது நிறத்தைக் காட்டி ஏமாற்றும். அதனால் குழிகளை ஐந்தாறு தடவை அலசி, கவிழ்த்துத் தட்டி, ஈரத்தை ஒற்றி எடுப்பார்கள். நோபல் பரிசு வாங்கிய கருத்துகள் எல்லாம் ஒரு குழி சரியாகக் கழுவப்படாவிட்டால் வீண்.

பிறகு நிறமற்ற ஒரு திரவம். நொதியம் உள்ள குழிகள் நீலமாகத் தொடங்கும். அரை மணி நேரத்தில் கொஞ்சம் அமிலம் விட்டால் நொதியம் நின்றுவிடும். நீலம் சட்டென்று மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்பதைக் கண்ணால் மதிப்பதில்லை. 450 நானோமீற்றர் அலைநீள ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு உள்ளே நின்றுவிடுகிறது என்று கருவி அளக்கும். அதே தட்டில் அளவு தெரிந்த மாதிரிகளும் இருக்கும்: 4, 1, 0.25, 0 அலகுகள். அவற்றை வரைபடத்தில் புள்ளியிட்டுக் கோடு போட்டால், அக்காவின் குழி எங்கே விழுகிறது என்று வாசிக்கலாம்.

ஒரு கற்பனைக் கணக்கு. சாம்பல் குழாய் 0.10, பச்சை 0.14, மஞ்சள் 0.12, ஊதா 10க்கு மேல். பச்சையிலிருந்து சாம்பலைக் கழித்தால் 0.04. எல்லை 0.35. அக்காவின் கலங்களுக்குக் கத்தத் தெரியும், ஊதா சொல்கிறது. ஆனால் காசநோய்க் கிருமியை அவற்றுக்குத் தெரியவில்லை. தோல் தடித்தது பழைய தடுப்பூசியின் வேலையாக இருக்கலாம்.

இந்தச் சோதனை முதலில் மனிதர்களுக்காக வந்ததல்ல. 1980களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் காசநோய் பிடித்த மாடுகளைக் கண்டுபிடிக்கவே உருவாக்கினார்கள்.

ஏமாறும் இடங்களும் உண்டு. சிலருடைய இரத்தத்தில் எலியின் பிறபொருளெதிரிகளையே பிடிக்கும் பிறபொருளெதிரிகள் இருக்கும். அவை கீழே ஒட்டியிருக்கும் எலிப் புரதத்தை ஒரு கையாலும், நொதியம் சுமந்த எலிப் புரதத்தை மறு கையாலும் பிடித்துக்கொள்ளும். நடுவில் இன்டர்பெரோன் காமா இல்லாமலே சான்ட்விச் தயார், குழி மஞ்சள்! இதைத் தவிர்க்க, திரவத்தில் சாதாரண எலியின் சீரத்தை முன்கூட்டியே கலந்து வைப்பார்கள். கை நீட்டி வருகிறவை அதைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றுவிடும்.

பச்சையிலோ மஞ்சளிலோ சாம்பலைக் கழித்த எண் 0.35ஐத் தாண்டி, சாம்பல் குழாயில் சத்தம் குறைவாக இருந்தால், அக்காவின் ரி கலங்கள் அந்தக் கிருமியை எப்போதோ சந்தித்திருக்கின்றன என்று கொள்வார்கள். கிருமி இப்போது தூங்குகிறதா, விழித்து நுரையீரலைத் தின்கிறதா என்பது இந்தச் சோதனைக்குத் தெரியாது. இரண்டிலும் கலங்கள் கத்தும். அதனால் நெஞ்சுப் படம் எடுப்பார்கள்; இருமல் இருந்தால் சளியையும் சோதிப்பார்கள். தூங்கும் கிருமி என்றால் அது யாருக்கும் தொற்றாது. ஆனாலும் பின்னாளில் விழிக்காமல் இருக்க மருந்து கொடுப்பதுண்டு. கனடாவில் பெரும்பாலும் நான்கு மாதம், தினமும் ரிபாம்பின். அதை விழுங்கினால் சிறுநீர் செம்மஞ்சளாகும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம்; அக்கா கொன்ராக்ட் லென்ஸ் போடுகிறவள் என்றால் அந்த நான்கு மாதமும் கண்ணாடிக்கு மாறிவிடுவது நல்லது, லென்ஸில் கறை பிடித்தால் போகாது.